கருகிய வெந்தயம்

இரேஷா மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. ஆள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அகப்பையில் ஒட்டியிருந்த பலாப்பிஞ்சுக் கறியைச் சுண்டுவிரலால் வழித்து, ஒருமுறை ஊதி, நாக்கில் வைத்தாள்.

கசப்பு. வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி, நாக்கின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்ட கசப்பு.

நேற்றே சொன்னேனே என்று அவள் மனம் துள்ளிய அதே நொடியில், முதுகுக்குப் பின்னால் வெற்றிலைச் சாறு துப்புகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். சமையல் கொட்டகையின் வாசலில் மகிலின் என்கிற அத்தை நின்றுகொண்டிருந்தாள். செத்துப்போன மாமனாரின் தங்கை. எழுபது வயதில் கண்பார்வை மங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள். அடுத்தவள் வாயில் விரல் இருப்பது மட்டும் எந்த மழை இருட்டிலும் தெரியும்.

"தானத்துச் சட்டியிலயா விரலை விட்ட?" என்றாள் மகிலின், மிக மெதுவாக. அந்த மெதுவில் எவ்வளவு சந்தோஷம்!

அதற்கப்புறம் மெதுவாக எதுவும் நடக்கவில்லை.

திக்வெல்லைப் பக்கம் தானச் சமையலுக்கு ஒரே சட்டம்தான். ஊர் விகாரையான பன்சலையிலிருந்து ஹாமுதுருமார், அதாவது பிக்குமார், வந்து, புத்தருக்குப் படைத்து, அவர்கள் உண்டு முடிக்கிற வரைக்கும் கறியில் ஒரு சொட்டு யார் நாக்கிலும் படக்கூடாது. உப்பு பார்க்கக்கூடாது, உறைப்பு பார்க்கக்கூடாது. கண்ணாலும் மூக்காலும் கைப்பழக்கத்தாலும் சமைக்க வேண்டும். நாக்கு பட்டால் எச்சில். எச்சிலைத் தானம் கொடுத்தால் புண்ணியம் செத்தவரைப் போய்ச் சேராது, நடு வழியில் எங்கேயோ தொங்கும்.

இந்தச் சட்டத்தில் அந்த வீட்டைப்போல் கெடுபிடி யாருக்கும் கிடையாது. காரணம் மாமனார் பியதிலக. பன்சலைக் காரியங்களைப் பார்க்கும் தாயக சபையின் தலைவர். ஒரு வெசாக் பண்டிகையின்போது பக்கத்து வீட்டுக் குழந்தை பாற்சோற்றின் ஓரத்தை நக்கிவிட்டது என்று தாம்பாளம் முழுவதையும் கிணற்றடி வாழைக்குக் கொட்டச் சொன்னவர். மூன்று மாதத்துக்கு முன்னால், கறுவாத் தோட்டத்தில் நின்றபடியே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இன்றைக்கு அவருக்கு மூன்றாம் மாதத் தானம். ஏழாம் நாள் தானத்தை வழக்கப்படி அக்கம்பக்கத்தார் சமைத்துப் போட்டார்கள். இதுதான் அவர் போனபிறகு வீட்டார் கையால் சமைக்கிற முதல் தானம்.

வீட்டார் கை என்றால் ஒரே கை. மூத்த மருமகள் குணசீலியின் கை.

அந்தக் கையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு இரேஷாவுக்குக் காது புளித்திருந்தது. குணசீலி கைக்கு நாக்கு இருக்கிறது என்பார்கள். இருபது வருடமாக ருசி பார்க்காமலே சமைத்து, இருபது வருடமாக ஒரு தானத்திலும் உப்பு கூடியதில்லை, கொறுக்காய்ப் புளி குறைந்ததில்லை. கறித்தூளை அவள் வறுத்தால் பெந்தர ஆறு வரைக்கும் மணக்கும். மாமனார் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, இதையே ஒவ்வொரு விருந்தாளியிடமும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டாவிட்டால் இரண்டாம் தடவை கறி வராது.

இரேஷா பட்டணத்தை ஒட்டிய மகரகமைக்காரி. துணிக்கடையில் வேலை பார்த்தவள். கறித்தூள் பாக்கெட்டில்தான் வரும் என்று வளர்ந்தவள். அதைக் கல்யாணமான புதிதில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து குணசீலிக்கு அவள் பெயர் "பாக்கெட்". பாக்கெட் எழுந்தாச்சா, பாக்கெட் குளிச்சாச்சா. ஜானக, அதாவது இரேஷாவின் புருஷன், இதைக் கேட்டுச் சிரிப்பான். அவனுக்கு அண்ணியின் கையால் சோறு வேண்டும். சோறு போடுகிறவள் சொல்லும் கேலிக்குச் சிரிப்பது அவன் அகராதியில் நன்றி.

ஆனால் பாக்கெட்டுக்கு ஒரு பாத்தியதை இருந்தது. ஊர் வழக்கப்படி பரம்பரை வீடு கடைசி மகனுக்கு. ஜானக கடைசி மகன். குணசீலியும் அவள் புருஷன் சுனந்தவும் வேலிக்கு அந்தப் பக்கம் தனி வீடு கட்டி எப்போதோ போய்விட்டார்கள். போனது படுக்கை மட்டும்தான். அடுப்பு போகவில்லை. காலையில் வந்து அடுப்பு மூட்டினால் இரவு விளக்கு வைக்கும் வரை அங்கேயே. இன்றைக்குத் தானத்தில் ஜானகவும் இரேஷாவும் சேர்ந்து தட்டைத் தொட்டு ஹாமுதுருமாருக்கு நீட்டினால், இனி இது அவர்கள் வீடு, அவள்தான் வீட்டுக்காரி என்று ஊர் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். நீட்டாவிட்டால் அவள் ஆயுளுக்கும் பாக்கெட்தான். அதற்காகத்தான் வெள்ளை உடுத்தி, வாயை மூடிக்கொண்டு, மூன்று மாதமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

வாய் மூடியிருந்தது. மூக்கை எப்படி மூடுவது?

நேற்று மத்தியானம் நல்ல மழை. தோல் உரித்த கறுவாக் கட்டைகளை அடுப்பில் திணித்து, குணசீலி கறித்தூளுக்கு வறுத்தாள். ஈர விறகு. கொட்டகை முழுக்கப் புகை. மல்லி போனது, சீரகம், பெருஞ்சீரகம் போனது, கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு, ஒரு பிடி அரிசி, கறிவேப்பிலை, நறுக்கிய இரம்பை இலை. கடைசியில் வெந்தயம். வெந்தயத்துக்கு அடுப்படியில் பொறுமை கிடையாது. கண் இமைத்தால் பொன், மறுபடி இமைத்தால் கரி. தேங்காய் துருவிக்கொண்டிருந்த இரேஷாவின் மூக்கில் அந்தக் கருகல் சுருக்கென்று ஏறியது. அக்கா, வெந்தயம் கருகுது போல என்றாள்.

குணசீலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அகப்பையால் கிளறிக்கொண்டே, அருகில் இருந்த பெண்களிடம், மகரகமையில் கறித்தூளைக் கத்தரிக்கோலால்தான் வறுப்பார்களாம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நம்ம ஊர்த் தூள் கறுப்பாகத்தான் இருக்கும், மஞ்சளாக வேண்டுமென்றால் கடைக்குப் போ என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கும் மூக்கு இருந்தது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் மூக்கு இருந்தது. வாய்தான் இல்லை.

அந்தத் தூள்தான் இரவு முழுக்கத் தணலில் கிடந்த பலாப்பிஞ்சுச் சட்டிக்குள் போயிருக்கிறது. இரேஷாவுக்குத் தூக்கம் வரவில்லை. மாமனார்மேல் பாசம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். உயிரோடு இருந்தபோது அவர் அவளிடம் பேசியதெல்லாம் தண்ணி, துவாய், செருப்பு. அவள் பயந்தது வேறு. ஹாமுதுருமார் எதைப் போட்டாலும் முகம் கோணாமல் உண்டுவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம் உட்காரப்போவது ஊர். கறி கசந்தால் ஊர் யாரைச் சொல்லும்? இருபது வருடக் கையையா? வெளியூரிலிருந்து வந்தவளைத்தான் சொல்லும். பாக்கெட் காலடி வைத்த அடுப்பு, பார்த்தாயா என்று.

ஆகவே விரல். ஆகவே நாக்கு. ஆகவே மகிலின் அத்தை.

கொட்டகை நிறைந்துவிட்டது. தேங்காய் பிழிந்துகொண்டிருந்தவர்கள் கையில் பாலோடு வந்தார்கள். மகிலின் நடந்ததை ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் விரல் இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சட்டிக்குள் போனது. நாலாவது தடவை இரேஷா ஒரு முழுப் பலாத்துண்டைத் தின்றிருந்தாள். ஜானகவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சாரமும் சட்டையுமாக, ஹாமுதுருமாரின் கால் கழுவுவதற்குத் தாமிரச் செம்பைத் துலக்கிக்கொண்டிருந்தவன், செம்போடு வந்து நின்றான். பெண்டாட்டியைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், பிறகு செம்பைப் பார்த்தான். செம்பில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தானோ என்னவோ. அதில் பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம், அண்ணி வரட்டும் என்பதுதான்.

அண்ணி வந்தாள். கூடத்தில் சுவரோரமாக மெத்தைகளை வரிசைப்படுத்தி வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தவள். உயரமான பொம்பிளை. நடையில் அவசரமே கிடையாது. கூட்டம் விலகி வழிவிட்டது. மகிலின் ஐந்தாம் தடவையாக ஆரம்பித்தாள். குணசீலி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மெய்யா?" என்று இரேஷாவிடம் மட்டும் கேட்டாள்.

"மெய்தான். கசக்குது அக்கா. வெந்தயம் கருகிப்போச்சு. நேத்தே சொன்னேன்."

குணசீலி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. அடுப்பிலிருந்து பூனையைத் தள்ளுகிறவள் மாதிரி, அவளைத் தள்ளி நிற்கச் சொன்னாள். சட்டியை இறக்கி வெளியே வைக்கச் சொன்னாள். இரேஷா இனிக் கொட்டகைக்குள் வரவேண்டாம், கூடத்துக்கும் வரவேண்டாம், தட்டை ஜானக தனியாக நீட்டுவான், கேட்கிறவர்களுக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அவ்வளவு சுருக்கமாக ஒரு ஆளை ஒரு வீட்டிலிருந்து வெளியேற்றிவிட முடியும் என்று இரேஷாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒருத்தி மட்டும், கசப்புன்னு சொல்றாளே என்று முணுமுணுத்தாள். மகிலின் பாய்ந்தாள். குணசீலி கை கசக்குமா? அப்படியே சந்தேகம் என்றாலும் அதை யார் பார்ப்பது? பார்த்தால் அவளும் எச்சிற்காரிதான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எவ்வளவு வசதியான சட்டம் என்று இரேஷா நினைத்தாள். கறி கெட்டதா என்று தெரிய வேண்டுமானால் பாவம் செய்ய வேண்டும். பாவம் செய்தவள் சொல்லுக்கு மதிப்பில்லை.

இரண்டு பெண்கள் துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கினார்கள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

"அந்தச் சட்டி இப்ப தானத்துச் சட்டி இல்லையே" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"என் நாக்கு பட்டாச்சு. எச்சிலாயிருச்சு. இனி அதை யார் வேணும்னாலும் ருசி பார்க்கலாம். பாவம் என் கணக்கில ஏறியாச்சு, உங்க யாருக்கும் ஒட்டாது." அகப்பையை எடுத்து, காம்பை முன்னால் வைத்து நீட்டினாள். "நீங்களே பாருங்க அக்கா. நல்லா இருக்குன்னு உங்க வாயால சொல்லிட்டா, நான் இப்பவே பஸ் ஏறி மகரகமைக்குப் போயிடறேன்."

பெண்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். மகிலினின் வாய்கூட வெற்றிலையை அரைப்பதை நிறுத்தியது. சட்டத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தால் சட்டம் பேசுகிறவர்கள் முகம் எப்படி ஆகுமோ அப்படி இருந்தன அத்தனை முகங்களும்.

குணசீலி அகப்பையை வாங்கினாள். குழம்பை மொண்டு உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். எல்லோரும் பார்க்க உறிஞ்சினாள். நிதானமாக, அடிநாக்கு வரை இழுத்து. அவள் முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பொய் சொல்கிறவர்களை இரேஷா துணிக்கடையில் நிறையப் பார்த்திருக்கிறாள். சாயம் போகுமா என்று கேட்டால் போகாது என்று அவளே தினம் சொன்னவள். பொய் சொன்னால் கண்ணில் எங்கேயாவது ஒரு துளி தெரியும். இவள் கண்ணில் ஒன்றுமே இல்லை. சட்டிக் கரியை விழுங்கிவிட்டு, வெறும் தண்ணீர் குடித்தவள் மாதிரி நிற்கிறாள். மனுஷியா இவள்?

"அத்தை, நீங்களும் பாருங்க" என்றாள் குணசீலி, உலகமே தன் பக்கம் என்கிற அலட்சியத்தோடு.

மகிலினுக்கு இதைவிட என்ன வேண்டும்? வெற்றிலையைத் துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், அகப்பையை நக்கினாள். கண் இரண்டும் சுருங்கின. தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தொண்டை விழுங்க மறுத்து, பிறகு கட்டளைக்குப் பணிந்து விழுங்கியது. கண்ணோரம் நீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு, "அமிர்தம்" என்றாள். "அண்ணன் இருந்து சாப்பிடக் குடுத்து வைக்கலையே."

கூட்டம் தலையாட்டியது. ஜானகவும் ஆட்டினான். அவன் ருசிகூடப் பார்க்கவில்லை.

இரேஷா கொட்டகையை விட்டு வெளியே நடந்தாள். இந்தக் கூட்டத்துக்கு வீட்டுக்காரியாவதற்கா மூன்று மாதம் தேங்காய் துருவினேன்? குணசீலி சொன்னால் கரியையும் அமிர்தம் என்று விழுங்கும் கூட்டம். போகலாம். பை கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

உள்ளே போய்ப் பையை எடுத்தவளின் முழங்கையை ஒரு கை பிடித்தது. குணசீலி. ஒரு வார்த்தை பேசாமல் சாமான் அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, முதுகால் அடைத்து நின்றுகொண்டாள். கருவாடும் உலர்ந்த கொறுக்காயும் காய்ந்த மாசி மீனும் மூட்டைகளில் கிடந்த சிறிய அறை. மூக்கைத் துளைக்கும் நெடி. குணசீலி அதை உணர்ந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அறையப் போகிறாள் என்று இரேஷா முகத்தைத் திருப்பினாள்.

"எவ்வளவு கசப்பு?" என்றாள் குணசீலி.

"என்ன?"

"காது கேக்கலையா பாக்கெட்? எவ்வளவு கசப்புன்னு கேட்டேன். முதல் பால் ஊத்தினா அடங்குமா, இல்ல கொட்டித்தான் ஆகணுமா?"

இரேஷா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் ருசி பார்த்தீங்களே. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே."

"அத்தை மூஞ்சியைப் பார்த்தேன். அப்பதான் தெரிஞ்சுது."

"உங்க நாக்குக்குத் தெரியலையா?"

குணசீலி மூட்டையிலிருந்து ஒரு மாசித் துண்டை எடுத்து, முகர்ந்து, பிறகு அதைக் கட்டையைப் போடுவதுபோல் திரும்பப் போட்டாள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்தது என்றாள். பிழைத்து எழுந்தபோது மணம் போயிருந்தது. பிறகு ருசியும் போனது. சூடு தெரியும், எரிப்பு தெரியும், வேறு எதுவும் தெரியாது. சாதாரண நாட்களில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உப்பு பாருடா என்று தப்பித்துவிடலாம். சுனந்தவுக்கே தெரியாது என்றாள். இருபது வருடம் கூடப் படுத்த புருஷனுக்குப் பெண்டாட்டியின் நாக்கு செத்தது தெரியாது என்பதை அவள் பெருமையாகவா சொன்னாள், கேவலமாகவா என்று இரேஷாவுக்குப் பிடிபடவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது சிரிப்பு. வாய்விட்டுச் சிரித்திருப்பாள். கைக்கு நாக்கு இருக்கிறதாம், கைக்கு! கையில்தான் இருந்திருக்கிறது, வாயில் இல்லை. பாக்கெட் பாக்கெட் என்று அத்தனை பேர் நடுவில் ஏசிய வாய்க்கு, பாக்கெட்டுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதாம். கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ரொம்பச் சந்தோஷப்படாத" என்றாள் குணசீலி, அவள் முகத்தைப் படித்துவிட்டு. "வெளியில போய்ச் சொல்லு. யார் நம்புவா? அத்தை அமிர்தம்னு சொல்லியாச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளு. முந்திரிக் கறிக்கு இன்னும் தூள் போடல. கத்தரிக்காய்க்குப் போட்டாச்சு. மீன்ல மிளகும் கொறுக்காயும்தான், ஆனா உப்பு எப்படின்னு தெரியல. எல்லாரையும் கூடத்துக்கு அனுப்பிடறேன். நீ ஒவ்வொரு சட்டியாப் பார்த்துச் சொல்லு, நான் சரி பண்றேன். ஹாமுதுருமாரைக் கூட்டிட்டு மேளம் பன்சலையை விட்டுக் கிளம்பிடுச்சு. தட்டை நீயும் ஜானகவும் சேர்ந்தே நீட்டலாம். அத்தை வாயை நான் கட்டறேன்."

தூரத்தில் மேளம் கேட்கத்தான் செய்தது. மழையில் நனைந்த தோல் மந்தமாக ஒலித்தது.

இரேஷா பையைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் அவளுக்கு உள்ளே விஷம் ஊறியது. இவ்வளவு சுலபமாகவா?

"அது எப்படி அக்கா?" என்றாள், மகிலின் அத்தையின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு. "தானத்துச் சட்டியில விரலை விடலாமா? எச்சிலாயிடாதா? மாமாவுக்குப் புண்ணியம் போய்ச் சேர வேணாமா? இந்த வீட்டிலேர்ந்து எச்சில் தானம் போனா அந்த மனுஷன் தாங்குவாரா?"

குணசீலி அவளை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இத்தனை வருடமும் இருந்த அதே இளக்காரம்தான் இருந்தது. ஆனால் அது இரேஷாவைத் தாண்டி, கதவைத் தாண்டி, கூடத்தில் மாலை போட்டு வைத்திருந்த படத்தை நோக்கிப் போவதுபோல் இருந்தது.

"இந்த வீட்டிலேர்ந்து எச்சில் படாத தானம் ஒண்ணுகூடப் போனதில்ல நங்கி" என்றாள். முதல் தடவையாகத் தங்கச்சி என்று கூப்பிட்டாள். "என் காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்ல. எனக்கு நாக்கு இல்லைன்னா, சட்டியெல்லாம் யார் பார்த்துச் சொன்னதுன்னு நெனைக்கிற?"

இரேஷா மனசுக்குள் ஆள் தேடினாள். சுனந்தவுக்குத் தெரியாது. மகிலின் என்றால் இதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். ஜானகவுக்கு அந்த அளவு தைரியம் கிடையாது.

"யாரு?"

"ஒவ்வொரு தானத்தன்னைக்கும் எல்லாரையும் பூப்பறிக்க அனுப்பிட்டு, வெள்ளை உடுத்திட்டு இந்த அறைக்கு வருவார். நான் கிண்ணத்துல ஒண்ணொண்ணாக் கொண்டாந்து குடுப்பேன். கண்ணை மூடிட்டு நக்கிப் பார்ப்பார். உப்பு காணாது பிள்ளை, புளி கூடிப்போச்சு பிள்ளைன்னு சொல்வார். அப்புறம் வாயைக் கொப்பளிச்சிட்டு, வாசல்ல போய்க் கை கூப்பி நிப்பார்."

மேளம் வேலிக்கு அருகில் வந்துவிட்டது. குணசீலி கதவைத் திறந்தாள்.

"இன்னைக்கு யாருக்குத் தானம் குடுக்கிறோமோ, அவர்தான்."